பழைய பாட்டும் எங்கட பெடியளும்



நெல்லியடிப் பக்கத்து உயர்தரப் பெடியள் நாலு பேர் சேர்ந்து கிட்டாரும் ட்ரம்ஸுமாக ஒரு றொக் இசைக்குழு தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வாசிப்பது எங்கள் வாப்பாமார் காலத்துப் பொப் பாட்டுகளை. நல்லாய்த்தான் வாசிக்கிறார்கள். ஆனால் கேட்ட பெரியவர்கள் பலர் "பழசைத்தானே கொப்பி அடிக்கிறாங்கள்" என்று முகம் சுளிக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதே பேச்சை அமெரிக்காவிலும் நாலு பெடியள் கேட்டார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஃபிராங்கன்மூத் என்ற சின்ன ஊர். மூன்று சகோதரர்களும் ஒரு நண்பனும் 2012இல் தொடங்கிய குழு, கிரெட்டா வான் ஃபிளீட். தகப்பனின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். லெட் செப்பலினை அப்படியே பார்த்து எழுதியவர்கள் என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். 2019இல் சிறந்த றொக் அல்பத்துக்கான கிராமி விருது அவர்களுக்குத்தான் போனது.

சரி, லெட் செப்பலின் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? 1969இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டொன்றில், வில்லி டிக்சன் என்ற கறுப்பினக் கலைஞர் எழுதி 1962இல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் வரிகள் இருந்தன. டிக்சனின் பெயர் இருக்கவில்லை. அவர் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம். பழைய பாட்டை எடுத்ததில் அவருக்கு என்ன கோபம்? பெயரை விட்டதுதான் வழக்கு.

எங்கள் பொப்பிசையும் இரவல் வாங்கியதுதான். அதன் தாளம் பைலா. அந்தச் சொல்லே, ஆடு என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற வேண்டி வந்தபோது எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. அங்கே சிறாம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த மக்கள் இன்றும் 'மஞ்சா' பாடி ஆடுகிறார்கள். முதன்முதலில் அதைக் கேட்டபோது, இது யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் கேட்ட தாளமல்லவா என்று திகைத்துப்போனேன். 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் பைலாவைச் சிங்களத்தில் ஊரெல்லாம் பரப்பினார்.

அந்தத் தாளத்தில் எங்கள் பேச்சுத் தமிழை ஏற்றியவர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம். 1960களின் பிற்பகுதியில் கையில் கிட்டாரோடு 'சின்ன மாமியே' பாடினார். இலக்கணத் தமிழ் இல்லை, சினிமாத் தமிழும் இல்லை, வீட்டில் கதைக்கிற தமிழ். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்றும் பாடினார். (பொப்பிசையில் எனக்கு முழுச் சம்மதமான புத்திமதி அது!) பின்னால் வந்த ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். தமிழ்நாட்டுக்கு அவர் 'சிலோன் மனோகர்'. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். 'சின்ன மாமியே' பாட்டையும் அவருடையதென்று சொல்லுவோர் இன்றும் உண்டு. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார். பாட்டு ஊரில் நின்றது, பெயர்தான் தொலைந்துகொண்டு வருகிறது.

போர்க்காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருடங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட சனம் நாங்கள் என்று இங்குள்ளவர்கள் சொல்லுவார்கள். அப்படிக் காப்பாற்றிய பாட்டை இன்று பதினேழு வயதுப் பிள்ளை கிட்டாரில் வாசித்தால் அதற்குப் பெயர் கொப்பியா? அவர்களிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அதைப் பாடியவர் பெயரைச் சொல்லுங்கள். "சரி சேர்" என்றார்கள். ஆனால் பல பாட்டுகளுக்கு அவர்களுக்குப் பெயர் தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டோ கசெட்டோ கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். உறையில் இருக்கும் பாடகர், எழுதியவர், வாத்தியக்காரர் பெயர்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். பெடியளிடம் கொடுத்துவிடுகிறேன்.