ஆதித்த கரிகாலன் கொலை

துப்பறியும் கதைகளை விரும்பிப் படிக்காத மாணவர் மிகச் சிலரே. அக்கதைகளில் முதல் அதிகாரத்தில் கொலை நிகழும்; கடைசி அதிகாரத்தில் கொலைகாரன் அகப்படுவான். வரலாற்றிலும் இத்தகைய கொலைகள் உண்டு. ஆயின் கடைசி அதிகாரம் நமக்குக் கிடைப்பது அரிது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்புக் காணாத ஒரு வழக்கை இன்று உங்கள்முன் வைக்கின்றேன். சோழ இளவரசனான இரண்டாம் ஆதித்த கரிகாலன் கொலையுண்ட வழக்கே அது.

முதற்கண் அக்குடும்பத்தை அறிந்துகொள்வோம். முதற் பராந்தகனுக்குப்பின் அவன் மகன் கண்டராதித்தர் அரசரானார். அவர் மறைந்தபொழுது அவர் மகன் உத்தம சோழன் சிறு குழந்தை. ஆதலின் தம்பி அரிஞ்சயனும், பின்னர் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனும் ஆட்சி எய்தினர். சுந்தர சோழனின் மக்கள் ஆதித்தன், குந்தவை, அருண்மொழி ஆகியோர். அருண்மொழியே பின்னாளில் முதல் இராசராசன் எனப் புகழ் பெற்றான். இவ்வாறு ஓர் அரியணைக்கு உரிமை கூறத்தக்க இரு கிளையினர் ஒரே குடும்பத்தில் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஆதித்தன் இளம் பருவத்திலேயே போர்க்களம் கண்டவன். பாண்டிய மன்னன் வீரபாண்டியனை வென்று, அவன் தலையைக் கொண்டவன் எனக் கல்வெட்டுக்கள் அவனைச் சிறப்பிக்கின்றன. தந்தை உயிரோடிருந்தபொழுதே இளவரசுப் பட்டமும் பெற்றான். அத்தகைய வீரன் கி. பி. 969ஆம் ஆண்டை ஒட்டி, தந்தைக்கு முன்னரே மாண்டான். அவனுக்குப்பின் அரியணை ஏறியவன் தம்பி அருண்மொழி அல்லன். சிற்றப்பன் முறையினனான உத்தம சோழன்.

இனிச் சாட்சிகளை அழைப்போம். முதற் சாட்சி, இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். ஆதித்தன் விண்ணுலகு காணும் விருப்பால் மறைந்தான் என்று அவை நயமாகக் கூறிச் செல்கின்றன. குடிகள் வேண்டியும், தன் சிற்றப்பன் நாட்டை விரும்புமளவும் அருண்மொழி அரசை மனத்தாலும் விரும்பவில்லை என்றும் உரைக்கின்றன. கொலை என்ற சொல்லே அங்கு இல்லை. இது கொலையுண்டவனுடைய தம்பி மகன் அவையில் எழுந்த புகழ்மொழி என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் சாட்சி, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ளது. இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி. பி. 987இல் பொறிக்கப்பட்டது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் என, சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் எனும் ரவிதாசன், இருமுடிச் சோழப் பிரமாதிராசன் எனும் பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சுட்டிக் கூறுகின்றது. இக்கல்வெட்டு கொலையைப் பதிவு செய்ய எழுந்ததன்று. துரோகிகளின் நிலத்தை விற்க அரசன் ஆணையிட்டான்; அதை வாங்கிய ஒருவர் அறத்திற்கு அளித்தார்; அந்த அறத்தைக் குறிக்கவே கல் வெட்டப்பட்டது. ஒரு நிலவிற்பனை ஆவணம் இல்லையேல், இப்பெயர்கள் நமக்குத் தெரியவே வாய்ப்பில்லை.

கொன்றவர் பெயர் தெரிந்தது. தூண்டியவர் உண்டா என்பதே வழக்கு. பிரமாதிராசன் என்பது அந்தணர் குலத்து உயர் அலுவலர் பெறும் பட்டம். இருமுடிச் சோழன் என்பது சோழர் தொடர்பைக் காட்டுகின்றது. பஞ்சவன் என்பதோ பாண்டியனுக்குரிய பெயர். ஆகவே வீரபாண்டியன் கொலைக்குப் பழிவாங்கினரோ என்று ஐயுறுவோர் உளர்.

பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியாரின் ஐயம் உத்தம சோழன்மேற் சென்றது. அரியணையால் நன்மை பெற்றவன் அவன். அவன் ஆட்சி முடியும்வரை துரோகிகள்மேல் நடவடிக்கை தெரியவில்லை. இவை அவர் காட்டும் காரணங்கள். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் இதனை ஏற்கவில்லை. கல்வெட்டு கூறும் ஆண்டு நிலம் விற்ற ஆண்டேயன்றித் தண்டனை தொடங்கிய ஆண்டு என்று கொள்ள இடமில்லை. மேலும், உத்தமன் குற்றவாளியாயின், அவன் தாய் செம்பியன் மாதேவியார் இராசராசன் ஆட்சியிலும் பெருமதிப்போடு விளங்கியதும், அவன் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயிற் பணிகளை மேற்பார்க்கும் அலுவலனாய் அமர்ந்ததும் எவ்வாறு பொருந்தும்? தமையனைக் கொன்றவனின் மகனை அருகில் வைத்துப் போற்றுவார் உளரோ?

வகுப்பில் இப்பாடம் நடத்திய பல ஆண்டுகளிலும், "உங்கள் முடிவு என்ன, ஐயா?" என்றே மாணவர் என்னை வினவினர். பண்டாரத்தார் கூற்றே வலியது என்பது என் கருத்து. ஆயினும் அது கருத்தே, தீர்ப்பன்று. நன்மை பெற்றவன் என்பது ஐயத்திற்குக் காரணமாகலாம்; குற்றத்திற்குச் சான்றாகாது. கல்கி 1950இல் தொடங்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தோர் அதன் மாந்தரையே வரலாறு என மயங்குவதுண்டு. நாவல் கற்பனைக்கு உரிமை பெற்றது. வரலாறு கல்வெட்டுக்குக் கட்டுப்பட்டது.

இன்னுமொன்று சிந்திக்கத்தக்கது. உடையார்குடிக் கல்வெட்டின்படி, கொன்றவர் நிலம் மட்டுமன்றி, அவர்தம் உடன்பிறந்தார், மக்கள், பெண் கொடுத்த உறவினர் ஆகியோர் உடைமையும் பறிபோயிற்று. அவருள் கொலையை அறியாதாரும் இருந்திருத்தல் கூடும். அன்று உறவு என்ற ஒன்றே குற்றமாயிற்று. பலன் பெற்றான் என்ற ஒன்றைக் கொண்டே இன்று நாம் உத்தம சோழனைக் கொலைகாரன் எனின், அதே பிழையை நாமும் செய்தவராவோம். இறந்தவர் தமக்காக வாதாட எழுந்து வருவதில்லை. அவர்க்காக நிற்கும் ஒரே வழக்கறிஞர், சான்று கேட்கும் மாணவரே. பழி சுமத்துமுன் "சான்று எங்கே?" என வினவும் பழக்கத்தை, மாணவ நண்பர்களே, வரலாற்றிலும் வாழ்விலும் கைக்கொள்வீராக.