கீச், டக் டக், சொட்டு சொட்டு: கொல்கத்தாவில் பழைய கார் ஓட்டுகிறீர்களா? எதற்குப் பயப்பட வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்?

சால்ட் லேக் செக்டர் 5-இல் வேலை, நியூ டவுனில் வாடகை வீடு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வருடத்துக் கார். காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஈரம். பிரேக் போட்டால் 'கீச்'. உடனே மெக்கானிக்கிடம் ஓட வேண்டுமா, அடுத்த சம்பளம் வரை தாக்குப்பிடிக்குமா?

சத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். காதைக் கிழிக்கும் சத்தத்துக்குக் காரணம் ஒரு லூஸான தகடாக இருக்கலாம். சத்தமே இல்லாமல் கசியும் பிரேக் ஆயில் உயிரை வாங்கலாம்.

கறையின் நிறம் என்ன?

இரவில் வண்டியை நிறுத்தியதும் இன்ஜினுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிடுங்கள். காலையில் கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

நிறமோ வாசனையோ இல்லாத வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் அது ஏசியிலிருந்து வருவது. கொல்கத்தாவின் புழுக்கத்தில் ஏசி போட்டால் அது சொட்டத்தான் செய்யும். சொட்டாமல், முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைந்தால்தான் பிரச்னை. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, சுத்தம் செய்தால் போதும்.

பச்சை, ரோஸ் அல்லது ஆரஞ்சு நிறத்தில், லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட். டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பழுப்பு அல்லது கறுப்பு நிறம் என்றால் இன்ஜின் ஆயில். பழைய வண்டிகளில் ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய் லேசாகக் கசிவது சகஜம். வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பார்த்துக்கொண்டு சில நாள் ஓட்டலாம். ஆனால் கருகிய வாசனை வந்தால், ஆயில் சூடான சைலன்சர் குழாயில் விழுகிறது என்று அர்த்தம். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சக்கரத்தின் உள்பக்கம் மஞ்சளாக, வழவழப்பாக ஈரம் தெரிந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனைக்கும் இதே விதிதான்.

சத்தம் எப்போது வருகிறது?

பிரேக் போடும்போது மட்டும் 'கீச்' என்றால், மழை இரவுக்குப் பிறகு டிஸ்க்கில் படிந்த மெல்லிய துருவாக இருக்கலாம். நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகவில்லை என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பல பேடுகளில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்துவது உங்களை எச்சரிக்கத்தான். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் 'கர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசும். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவில் டிஸ்க்கும் சேர்ந்துகொள்ளும்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக் டக்' என்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். உறை மட்டும் கிழிந்த நிலையிலேயே பார்த்துவிட்டால் செலவு மிகக் குறைவு.

டிராம் தண்டவாளத்தையோ பள்ளத்தையோ கடக்கும்போது மட்டும் 'டொக்' என்றால் லிங்க் ராட், புஷ், லோயர் ஆர்ம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். லிங்க் ராட் என்றால் மலிவாக முடியும். லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட் என்றால் அவசரம், அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும்.

வேகம் கூடக்கூட 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கூடுகிறதா? டயரா, வீல் பேரிங்கா என்று மேம்பாலத்தில் ஏறிப் பார்த்தால் தெரியும். சாலையின் தரை மாறும்போது சத்தமும் மாறினால் பெரும்பாலும் டயர். வளைவில் மாறினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

காலை முதல் ஸ்டார்ட்டில் கத்திவிட்டு அடங்குவது பெரும்பாலும் பெல்ட்டின் வேலை. ஆனால் இன்ஜினுக்குள் ஆழத்திலிருந்து கனமாக 'டொங் டொங்' என்று தட்டினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம்ம ஊர் மெக்கானிக் சொல்லித் தராத பாடம் இது. கொல்கத்தாவில் மழைநீர் வடிவது ஹூக்ளியின் அலையேற்றத்தையும் பொறுத்தது. அலை ஏறும் நேரத்தில் மதகுகளை மூடிவிடுவார்கள், தண்ணீர் தெருவிலேயே நிற்கும். தந்தனியா, ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட் பக்கம் மழைக்காலத்தில் வண்டிகள் மூழ்கி நிற்பது புதிதல்ல. செக்டர் 5-உம் தப்புவதில்லை.

அப்படி மூழ்கிய கார் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். பேரிங்கில் தண்ணீர் புகுந்து கிரீஸ் கெட்டிருந்தால் சத்தம் சில வாரம் கழித்துத்தான் கேட்கும். வாங்கும் முன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா? ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு? ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியே வேண்டாம்.

உங்கள் கார் தண்ணீரில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு போவது கேவலம் இல்லை.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

"சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், எதை வேண்டுமானாலும் மாற்றி பில் போடுவார்கள். எந்த வேகத்தில், எந்தப் பக்கம், இன்ஜின் சூடான பிறகா என்று சொல்லுங்கள். முடிந்தால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து, அவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போங்கள். பெங்காலி வராவிட்டாலும் பரவாயில்லை. 'ஆவாஜ்' என்றால் சத்தம், 'தேல்' எண்ணெய், 'ஜோல்' தண்ணீர். மற்றதெல்லாம் அங்கேயும் லிங்க் ராட், பேரிங், புஷ்தான்.

பழைய பார்ட்ஸுக்குப் பெயர்போன மல்லிக் பஜாருக்கு அனுப்பினால், கண்ணாடி, கதவுக் கைப்பிடி எல்லாம் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டவை மட்டும் புதிதாக இருக்கட்டும்.

ஆர்சியில் பதிவுத் தேதியையும் பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஃபிட்னஸ் சோதனையில் தேறினால் 5 ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த அதன் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 13, 14 வயதான காருக்குப் பெரிய ரிப்பேர் செலவு சொன்னால், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.