'நூறாவது நாள்' படமும் நம்ம ஊர் பயமும்



மறைந்த விஜயகாந்த்தின் பூர்வீகம் நம் அருப்புக்கோட்டைப் பக்கத்து ராமானுஜபுரம். அவர் நடித்து 1984-ல் வந்த 'நூறாவது நாள்' உங்களில் மூத்தவர்களுக்கு மறந்திருக்காது. அப்போது நாம் ராமநாதபுரம் மாவட்டம். தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான்.

இந்த வகைப் படங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1978-ல் அமெரிக்காவில் 'ஹாலோவீன்' சுமார் 3 லட்சம் டாலர் செலவில் வந்து பெரும் வசூல் பார்த்தது. அதே ஆண்டு தமிழில் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. 1980-ல் பாலுமகேந்திராவின் 'மூடுபனி'. அது இளையராஜாவுக்கு 100-வது படம். அடுத்து, பாரதிராஜாவிடம் பாடம் படித்த மணிவண்ணன் எடுத்ததுதான் 'நூறாவது நாள்'. கதையின் மூலம் 1977-ல் வந்த ஓர் இத்தாலியப் படம். நடக்கப்போகும் கொலை ஒரு பெண்ணின் கண்முன் முன்கூட்டியே தோன்றுகிறது. அந்தப் பெண்ணாக நளினி.

பெரிய செட் கிடையாது. ஒரு பங்களா, இருட்டு, இளையராஜாவின் பின்னணி இசை. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்பு அங்கியோடு சத்யராஜ். பாட்டுப் பாடும் காதலனாகவே பார்த்துப் பழகிய மோகனைக் கெட்டவராக்கியது மணிவண்ணனின் துணிச்சல். பணம் குறைவாக இருந்தால் மூளை அதிகம் வேலை செய்யும் என்பதற்கு இந்தப் படம் சாட்சி.

அதே காலத்தில் வண்டலூரில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று கொலையாளி சொன்னதாகச் செய்தி வந்தது. சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பியது. நான் அதை ஏற்கவில்லை. அதே படத்தைப் பார்த்த லட்சக்கணக்கானோர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். குற்றவாளி பழியைப் படத்தின் மேல் போடுவது சுலபம். நாமும் அதை நம்பிவிட்டால் வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

அச்சங்குளத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று இங்கே பட்டாசு ஆலை வெடித்துப் பலர் மாண்டார்கள். அங்கே முகமூடி போட்டவன் யாரும் வரவில்லை. நம் பகுதியில் விபத்துக்குப் பின் விபத்தாகக் கேட்கும் காரணங்கள் ஒன்றேதான்: மருந்துக் கலவையில் உராய்வு, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் கூடுதல் ஆட்கள், உரிமம் ஒருவர் பெயரில், வேலை இன்னொருவர் குத்தகையில். ஒவ்வொரு முறையும் "எதிர்பாராத விபத்து" என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

ஆகவே, பேரன் பேத்திகள் பேய்ப் படம் பார்த்தால் திட்டாதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். ஆலைக்குப் போகிற பிள்ளைகளிடம் மட்டும், "உன் அறையில் எத்தனை பேர்?" என்று தினமும் கேளுங்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இந்தப் படத்தை எந்தக் கொட்டகையில் பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்