விசாரணை வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? பிரித்தானியக் குருதி மாசு விவகாரத்தை முன்வைத்து

1970களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை, பிரித்தானிய அரசின் தேசிய சுகாதாரச் சேவை செலுத்திய குருதியாலும் குருதிப் பொருள்களாலும் 30,000-க்கும் மேற்பட்டோர் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி உள்ளிட்ட தொற்றுகளுக்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,000 பேர் இறந்துவிட்டனர். ஆயினும், சாட்சிகளை வரவழைக்கும் அதிகாரத்துடன் நாடு முழுமைக்குமான பொது விசாரணையைப் பிரதமர் தெரசா மே அறிவித்தது 2017 ஜூலையில்தான். நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான அவ்விசாரணையின் அறிக்கை 2024 மே 20 அன்று வெளிவந்தது. இடைப்பட்ட இத்தனை ஆண்டுகளை நிர்வாக மெத்தனம் என்று மட்டும் விளக்கிவிட முடியாது. விசாரணையை மறுத்ததும் அந்த அநீதியின் ஒரு பகுதியே என்பதும், மறுக்கும் அதிகாரம் குற்றஞ்சாட்டப்பட்ட அரசிடமே இருப்பதுதான் அதற்கு வேர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தவிர்த்திருக்கக்கூடிய தீங்கு

குருதி எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட ஃபேக்டர் 8 மருந்து, ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது. ஒருவரிடம் கிருமி இருந்தாலே தொகுதி முழுவதும் மாசுபடும். பணத்துக்குப் பெறும் குருதியில் நோய் பரவும் வாய்ப்பு அதிகம் என்று சமூகக் கொள்கை ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-இலேயே எச்சரித்திருந்தார். உள்நாட்டுத் தன்னிறைவே இலக்கு என்று 1975-இல் சுகாதார அமைச்சர் டேவிட் ஓவன் அறிவித்தார். அந்த இலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை. அமெரிக்காவில், சிறைக் கைதிகள் உட்படப் பலரிடமும் காசு கொடுத்துத் திரட்டிய பிளாஸ்மாவில் செய்த மருந்து இறக்குமதியாகிக்கொண்டே இருந்தது. ஹாம்ப்ஷயரின் ட்ரெலோர்ஸ் பள்ளியில் 1970-க்கும் 1987-க்கும் இடையே பயின்ற ஹீமோஃபீலியா மாணவர்கள் 122 பேர். அவர்களுள் 2024-இல் அறிக்கை வெளிவந்தபோது எஞ்சியிருந்தோர் சுமார் 30 பேர் மட்டுமே.

மறுப்பின் மூன்று வாதங்கள்

கட்சி மாறி ஆட்சி மாறியபோதும் விசாரணைக் கோரிக்கைக்கு அரசின் பதில் பெரிதும் மாறவில்லை.

முதல் வாதம்: அன்றைய மருத்துவ அறிவுக்கு எட்டிய சிறந்த சிகிச்சையே அளிக்கப்பட்டது. எது அறியப்பட்டிருந்தது, யார் அறிந்திருந்தார், எப்போது அறிந்தார் என்பவைதாமே விசாரணைக்குரிய கேள்விகள்? அவற்றுக்கான விடையைத் தானே எழுதிக்கொண்டு, அந்த விடையைக் காட்டியே விசாரணை தேவையில்லை என்றது அரசு. லாங்ஸ்டாஃப் அறிக்கை இவ்வாதத்தை நிராகரித்தது. நடந்தது விபத்து அன்று என்று தெளிவாகவே கூறியது.

இரண்டாம் வாதம்: ஆவணங்கள் ஏற்கெனவே பொதுவெளியில் உள்ளன. ஆனால் ஓவனின் அமைச்சகத் தாள்கள் அழிக்கப்பட்டிருந்தன. குருதியின் வைரஸ் பாதுகாப்பு பற்றிய ஆலோசனைக் குழுவின் கோப்புகளும் 1990களில் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் எதை வெளியிடுவது என்று தேர்ந்ததும் அதே சுகாதாரத் துறைதான்.

மூன்றாம் வாதம்: காலம் கடந்துவிட்டது, இனி விசாரித்துப் பயனில்லை. மூன்றிலும் கொடியது இதுவே. சாட்சிகள் மூப்படைந்ததற்கும், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவராக இறந்ததற்கும் இடங்கொடுத்தது முந்தைய மறுப்புகள். தாமதம் தனக்கான நியாயத்தைத் தானே உற்பத்தி செய்துகொண்டது.

இவற்றின் அடியில் இருந்தது பொறுப்பேற்பின் அச்சம். 1990-இன் இறுதியில் எச்.ஐ.வி. தொற்றிய ஹீமோஃபீலியா நோயாளிகளுடன் 4.2 கோடி பவுண்டுக்கு உடன்பாடு எட்டப்பட்டது. பணம் பெற்றோர், ஹெபடைட்டிஸ் தொற்றுக்காக வழக்குத் தொடுப்பதில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபர் நிதிநிலை அறிக்கை இழப்பீட்டுக்கென 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. எந்தப் பொறுப்பைத் தள்ளிப்போட அரசுகள் முயன்றன என்பதை இத்தொகை உணர்த்துகிறது.

அரை விசாரணைகளின் பாடம்

ஆர்ச்சர் பிரபு தலைமையில் தனியார் நிதியில் நடந்த விசாரணை (2007–2009) எவரையும் சாட்சியம் சொல்லக் கட்டாயப்படுத்த இயலாதது. சுகாதாரத் துறை அங்கு வெளிப்படையாகச் சாட்சியமளிக்க முன்வரவில்லை. ஸ்காட்லாந்தின் பென்ரோஸ் விசாரணைக்குச் சட்ட வலு இருந்தும் அதன் எல்லை குறுகியது. 2015-இல் முடிந்தபோது அது அளித்த பரிந்துரை ஒன்றே ஒன்று. அதிகாரமும் எல்லையும் சுருங்கினால், விசாரணை உண்மையை எட்டாமலே கேள்வியை மட்டும் மூடிவிடக்கூடும்.

பொது விசாரணைகள் நீண்டு, செலவு வைத்து, நிவாரணத்தையும் ஒத்திப்போடுகின்றன என்ற எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் லாங்ஸ்டாஃப் 2022 ஜூலையிலேயே இடைக்கால இழப்பீடாகத் தலா ஒரு லட்சம் பவுண்டுக்குக் குறையாமல் வழங்கப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு அக்டோபரில் அது வழங்கப்பட்டது. ஆகவே விசாரணையும் நிவாரணமும் உடன்நடக்க முடியும். கனடாவில் குருதி மாசு பற்றி விசாரித்த நீதிபதி கிரேவர் ஆணையம் 1993-இலேயே தொடங்கி 1997-இல் அறிக்கை தந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதிகாரத்தை இடம் மாற்றுதல்

2005-ஆம் ஆண்டு விசாரணைச் சட்டத்தின்படி, விசாரணை வேண்டுமா, எதைப் பற்றி, யார் தலைமையில் என்பவற்றை முடிவுசெய்பவர் அமைச்சர். தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்ற அடிப்படை நெறி இங்கே மீறப்படுகிறது. 2017-இல் பாதிக்கப்பட்டோர் எதிர்த்த பிறகே, விசாரணையை அமைக்கும் பொறுப்பு சுகாதாரத் துறையிடமிருந்து அமைச்சரவை அலுவலகத்துக்கு மாறியது. ஒருமுறை போராடிப் பெற்ற அந்த மாற்றம் நிலையான விதியாக வேண்டும். நாடாளுமன்றத்தில் போதிய ஆதரவு இருந்தால் விசாரணைக் கோரிக்கையை அதன் குழுவொன்று ஆராய வேண்டும், குழுவின் பரிந்துரையை மறுக்கும் அமைச்சர் காரணங்களை விரிவாக வெளியிட வேண்டும் என்கிறது லாங்ஸ்டாஃப் அறிக்கை. இது குறைந்தபட்சத் தேவை. குற்றச்சாட்டு எழுந்த நாளிலிருந்தே தொடர்புடைய கோப்புகள் அனைத்தையும் காக்கும் சட்டக் கடமையும் இதனுடன் சேர வேண்டும்.

நோயாளி மருத்துவமனைக்குள் நுழைவது அரசின் மீதுள்ள நம்பிக்கையால். அந்த நம்பிக்கை முறிந்தபோது காரணத்தைக் கேட்பது அவரது உரிமை. அதற்கு அரசின் அனுமதி தேவைப்படும் நிலை நீடிக்கக் கூடாது.