அரிசி வெளுத்த கதை

(வானொலி உரை)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. நாம் விளைவிக்கும் நெல், அரிசியாகி வட்டிலுக்கு வரும் வழியைப் பற்றிப் பேசப் போகிறேன். காரணம் இருக்கிறது. சீனி வியாதி பட்டணத்துப் பணக்காரர் வியாதி என்றிருந்த காலம் போய்விட்டது. நாடு முழுவதும் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது. கொத்தமங்கலம் போன்ற நம் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. தொப்பை முன்னே வருகிறது; வியாதி பின்னே வருகிறது.

"எங்க ஐயா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டாக, அவுகளுக்கு ஒண்ணும் வரலையே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சரித்திரத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மூன்று வேளை நெல்லுச்சோறு எல்லார் வீட்டிலும் இல்லை. நம்முடையது வானம் பார்த்த சீமை. கண்மாய் பெருகினால்தான் நெல். மேட்டுக் காட்டில் வரகும் குதிரைவாலியும் சாமையும் கேழ்வரகும் விளைந்தன. பாடுபடுகிற குடும்பத்துக்கு வரகுச் சோறும் கேப்பைக் கூழும்தான் பெரும்பாலான நாள் சாப்பாடு. நெல்லுச்சோறு நல்ல நாளைக்கும் விருந்தாளிக்கும்.

அந்த அரிசியும் இன்றைய அரிசி அல்ல. நெல்லுக்கு மேலே உமி, அதற்குள்ளே தவிட்டுத் தோல், ஓரத்தில் முளை. உரலில் போட்டுக் குத்தினால் உமி போகும்; தவிட்டில் ஒரு பங்கு அரிசியோடு ஒட்டி நிற்கும். மில்லில் 100 கிலோ நெல் அரைத்தால் உமி 20 கிலோ, தவிடு 8 கிலோ அளவுக்குப் பிரிந்துவிடும். அந்த எட்டுக் கிலோவில்தான் நார்ச்சத்து, எண்ணெய்ச் சத்து, பி-1 வைட்டமின் எல்லாம் அதிகம். சத்தை மாட்டுக்கு வைத்துவிட்டு, மாவை நாம் சாப்பிடுகிறோம்.

மில் அரிசி பெருகியதில் நம் பகுதிக்கும் பங்கு உண்டு. கொத்தமங்கலம் நகரத்தார் ஊர்களில் ஒன்று. இந்த ஊர்களிலிருந்து பர்மாவுக்குப் போனவர்கள் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்தபோது கடனுக்கு ஈடாக நிலங்கள் கை மாறின. 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. ரங்கூன் மில்களில் அரைத்த அரிசி கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தவிட்டரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். தீட்டிய அரிசி நாள்பட நிற்கும். வியாபாரிக்கு அது தோது. வெள்ளைச் சோறு கௌரவம் என்று நாமும் பழகிக்கொண்டோம். உலக்கை பிடித்துக் கை காய்த்த பெண்களுக்கு மில் ஒரு விடுதலை. அதையும் மறுக்க முடியாது.

தவிடு போனால் என்ன ஆகும் என்பதை முதலில் சொன்னது கோழிகள்! 1890-களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். நம் குன்னூரில் 1918 முதல் மக்காரிசன் என்ற டாக்டர் இதே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பச்சரிசியைத் தீட்டிச் சாப்பிட்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது குறைவு. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே காரணம். ஆனால் புழுங்கலரிசியையும் வெள்ளையாகத் தீட்டினால் நார்ச்சத்து போனது போனதுதான்.

காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் பாடுபட்டது. அதை நடத்திய ஜே. சி. குமரப்பா நம் தஞ்சாவூரில் பிறந்தவர். கைக்குத்தலைக் காக்க, 1958-ல் அரிசி மில்களைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. மில்லின் வேகத்துக்கு முன் சட்டம் நிற்கவில்லை. 1997-ல் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

ரேஷன் அரிசியும் வந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது விலையில்லாமலே கிடைக்கிறது. பசியைப் போக்கிய திட்டம் அது, குறை சொல்லக் கூடாது. ஆனால் வரகும் குதிரைவாலியும் காட்டைவிட்டு ஒதுங்கின. கமலை போய் மோட்டார் வந்தது. ஏர் போய் டிராக்டர் வந்தது. உடம்புப்பாடு குறைந்தது, சோறு குறையவில்லை. இதுதான் ஐயாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம்.

தீட்டிய அரிசியும் மைதாவும் சீனியும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். செலவாகாதது கொழுப்பாகத் தங்கும். சென்னையில் நடந்த ஆய்வில், சாப்பாட்டின் மொத்தச் சக்தியில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது தெரிந்தது. அதை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இடுப்புச் சுற்றளவும் அதிகம், சீனி வியாதியும் அதிகம். குறைத்தால் பலன் உண்டா? லண்டனில் பாண்டிங் என்ற முதியவர், டாக்டர் சொன்னபடி ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றைக் குறைத்து, ஒரே வருஷத்தில் சுமார் 20 கிலோ இளைத்தார். 1863-ல் அதைச் சிறு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

சோற்றை அடியோடு விட வேண்டாம். இரண்டு கரண்டி குறையுங்கள். அந்த இடத்தில் வெஞ்சனத்தைக் கூட்டுங்கள். கீரை, அவரை, பயறு, முட்டை, மீன், எது வசதியோ அது. சோற்றைக் குறைத்துவிட்டு ராத்திரி புரோட்டா சாப்பிட்டால் பலனில்லை. காப்பி, டீக்குச் சீனி எதற்கு?

சொந்த நெல்லை அரைக்கும்போது, "உமியை மட்டும் எடுங்க, தீட்ட வேண்டாம்" என்று மில்காரரிடம் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். சிக்கு வாடை வராது. வரகும் சாமையும் இப்போது வெள்ளையாகத் தீட்டி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். சிறுதானியம் என்பதற்காக வட்டில் நிறையச் சாப்பிட்டாலும் எடை ஏறத்தான் செய்யும்.

முக்கியமான ஒன்று. சீனி வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி, மயக்கம் வந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மேட்டுக் காடு சும்மா கிடந்தால், வருகிற மழைக்கு வீட்டுத் தேவைக்காவது கொஞ்சம் குதிரைவாலி விதையுங்கள். விற்பதற்கு மட்டும் விளைவிப்பது விவசாயம் அல்ல. நம் வீட்டு வட்டிலுக்கும் விளைவிக்க வேண்டும்.