அக்கம்பக்கப் பேரிடர்க் காப்புக் குழுக்கள் (ஜப்பான்)

நிலநடுக்கம், சுனாமி, தீ ஆகியவற்றை எதிர்கொள்ள ஜப்பானில் ஒரு தெருவினரோ குடியிருப்பினரோ தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் தன்னார்வ அமைப்பு. ‘ஜிஷு போசாய் சோஷிகி’ என்பது அங்கே இதன் பெயர். பெரும்பாலும் ‘சோனாய்காய்’ எனப்படும் தெருச் சங்கமே இதை நடத்துகிறது. தகவல், தீயணைப்பு, மீட்பு, முதலுதவி, சமையல் என வீட்டுக்காரர்கள் பொறுப்பைப் பிரித்துக்கொள்கிறார்கள். தெருமுனைக் கொட்டகையில் கருவிகளைப் பூட்டி வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்கிறார்கள். நாட்டின் குடும்பங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இப்படியொரு குழுவின் எல்லைக்குள் வருகின்றன. அரசின் உதவி வந்து சேரும்வரை கழியும் முதல் சில மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு விடையாக, நூறாண்டு காலப் பட்டறிவில் வளர்ந்த ஏற்பாடு இது.

1923: காப்பாற்றிய தெருவும் கொலை செய்த தெருவும்

1923 செப்டம்பர் 1, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், கான்தோ சமவெளியை 7.9 அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. வீடுகளில் மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் நெருங்கி நின்ற தோக்கியோவில் பல இடங்களில் ஒரே சமயத்தில் தீப்பிடிக்க, பலத்த காற்று அதைப் பரப்பியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களில் மிகப் பலர் தீயில் மாண்டவர்கள். ஹொன்ஜோவில் ராணுவ உடைக் கிடங்கு இருந்த திறந்தவெளியில், வண்டிகளிலும் முதுகிலும் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்துவந்து தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் அங்கேயே கருகினர். அவர்கள் கொண்டுவந்த படுக்கைகளும் பெட்டிகளுமே தீக்கு இரையாகி அதை வளர்த்தன.

அதே நகரின் கான்டா பகுதியில் இசுமி-சோ, சாகுமா-சோ தெருவாசிகள் ஓடவில்லை. கைக்குக் கை வாளி மாற்றித் தண்ணீர் ஊற்றினார்கள்; அருகிலிருந்த நிறுவனத்தின், பெட்ரோலில் இயங்கும் தண்ணீர் பம்பை இழுத்து வந்தார்கள்; சுற்றிலும் எரிந்து அடங்கும்வரை ஒரு நாளுக்கும் மேலாகப் போராடினார்கள். சாம்பலான நகரின் நடுவே சுமார் 1,600 வீடுகள் தப்பி நின்றன. அந்த வெற்றிக்கு ஊர் ஒற்றுமை மட்டும் காரணமில்லை. ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் செங்கல் கட்டடங்கள் எனத் தீயைத் தடுக்கும் அரண்கள் அங்கே இருந்தன. என்றாலும் தண்ணீர் ஊற்ற ஆள் நின்றிருக்காவிட்டால் அந்த அரண்களும் பயன்பட்டிருக்கா.

இந்த வரலாற்றில் மறைக்கக்கூடாத இன்னொரு பக்கம் உண்டு. அதே நாட்களில், கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. தெருவுக்குத் தெரு முளைத்த ‘ஜிகேய்தான்’ என்னும் காவல் குழுக்கள், மூங்கில் ஈட்டியும் வாளும் ஏந்தி வழிமறித்து, கொரியர்களையும் சீனர்களையும், பேச்சு வித்தியாசப்பட்டதால் சில ஜப்பானியரையுமே கொன்றன. இதில் ராணுவத்தினருக்கும் காவல்துறையினருக்கும்கூடப் பங்கிருந்தது. கொல்லப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள் என்பது வரலாற்றாய்வாளர் பலரின் கணிப்பு. தெருவுக்குள் நெருக்கம் இருந்தால் மட்டும் போதாது, அந்த நெருக்கம் யாரை வெளியே தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

கட்டாயத்திலிருந்து தன்விருப்பத்துக்கு

1940-இல் உள்துறை அமைச்சகம் சுமார் பத்து வீடுகளுக்கு ஒன்று என ‘தொனாரிகுமி’ குழுக்களை நாடெங்கும் கட்டாயமாக்கியது. பங்கீட்டுப் பொருள் வழங்கலும் வான் தாக்குதல் ஒத்திகையும் அவற்றின் வேலை. ஒருவரையொருவர் கண்காணிப்பதும் அதில் அடக்கம். தீயை விட்டு ஓடாமல் அணைக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. 1945 மார்ச் 10 இரவில் தோக்கியோ மீது எரிகுண்டுகள் பொழிந்தபோது வாளிகள் எதற்கும் உதவவில்லை. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். போருக்குப் பின், 1947-இல், ஆக்கிரமிப்பு நிர்வாகம் இக்குழுக்களைக் கலைத்தது.

1959-இல் இசே விரிகுடாப் புயல் 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு, கான்தோ நிலநடுக்கத்தின் நினைவு நாளான செப்டம்பர் 1 ‘பேரிடர்த் தடுப்பு நாள்’ ஆனது. 1961-இல் வந்த பேரிடர் எதிர்நடவடிக்கை அடிப்படைச் சட்டம் அக்கம்பக்கத்தார் தாமாக அமைக்கும் குழுக்களுக்கு இடம் தந்தது. 1976-இல் நிலநடுக்கவியலாளர் இஷிபாஷி கட்சுஹிகோ, சுருகா விரிகுடாவை ஒட்டிப் பெரும் நிலநடுக்கம் எந்நேரமும் வரலாம் என்று எச்சரித்தார். அதன்பின் ஷிசுவோகா மாநிலம் இக்குழுக்களை மும்முரமாக வளர்த்தது. அந்த நிலநடுக்கம் இன்றுவரை வரவில்லை.

கோபே, 1995

பெரும் நிலநடுக்கம் வந்தது, பலரும் எதிர்பாராத கோபேயில். 1995 ஜனவரி 17, விடிகாலை 5:46. அளவு 7.3, உயிரிழப்பு 6,434. பெரும்பாலோர் உறக்கத்திலேயே கனத்த ஓட்டுக்கூரையின் கீழ் நசுங்கியும் மூச்சுத்திணறியும் இறந்தார்கள். குழாய்கள் உடைந்ததால் தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்த இடத்திலும் தண்ணீர் இல்லை. இடிபாடுகளில் சிக்கி வெளியே எடுக்கப்பட வேண்டியிருந்தவர்கள் சுமார் 35,000 பேர் என்றும், அவர்களில் 27,000 பேரைக் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாருமே மீட்டார்கள் என்றும் பேரிடர் ஆய்வாளர் கவாட்டா யோஷியாகி மதிப்பிட்டார். கையில் கிடைத்த ரம்பம், கடப்பாரை, கார் ஜாக்கி ஆகியவைதான் அவர்களுடைய கருவிகள். அன்றைக்குப் பல தெருக்களில் முறையான குழுவே இருக்கவில்லை. நாடு முழுவதும் பாதிக் குடும்பங்கள்கூட இவ்வமைப்புக்குள் வந்திருக்கவில்லை.

நிலநடுக்க மையத்தை ஒட்டிய அவாஜி தீவின் ஹொகுதான் ஊர் இதில் தனித்துச் சொல்லத்தக்கது. விவசாயிகளும் மீனவர்களுமே உறுப்பினர்களான உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு, எந்தக் கிழவி எந்த அறையில் படுப்பாள் என்பது தெரிந்திருந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்று தேடி நேரம் போகவில்லை. சுமார் 300 பேரை மீட்டு, காணாமல் போனவர் எவருமில்லை என்ற உறுதிக்கு அன்று மாலைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். 39 பேர் இறந்தார்கள். எந்தத் தலைக்கவசத்தையும் கருவிக் கொட்டகையையும்விட, இப்படி அண்டைவீட்டாரைத் தெரிந்துவைத்திருப்பதுதான் இக்குழுக்களின் முதன்மைச் சொத்து.

கோபேயின் நாகாதா வட்டத்தில், மானோ பகுதி மக்கள் தொழிற்சாலை மாசுக்கு எதிராக 1960-களிலிருந்தே ஒன்றுகூடிப் போராடிப் பழகியவர்கள். அங்கிருந்த பெல்ட் ஆலையின் சொந்தத் தீயணைப்புக் குழுவும் அவர்களும் சேர்ந்து தீயை மேலும் பரவாமல் தடுத்தார்கள்.

ஒத்திகையின் நடைமுறை

கோபே நகராட்சி பேரழிவுக்குப் பின் தொடக்கப்பள்ளி எல்லை ஒவ்வொன்றிலும், பேரிடர்க் காப்பையும் முதியோர் நலனையும் ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. உணவு கொடுக்க வாரந்தோறும் முதியவர் வீட்டுக் கதவைத் தட்டுபவருக்கு, இடிபாட்டில் யாரைத் தேடுவது என்பதும் தெரியும்.

ஒத்திகை பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கும். ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்டதும் வீட்டிலுள்ளோர் மேசைக்கடியில் பதுங்கி, பின் எரிவாயுவை மூடி வெளியே வருவார்கள். ‘நாங்கள் நலம்’ என்பதற்கு அடையாளமாக வாசலில் மஞ்சள் துணி கட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. துணி இல்லாத வீட்டைத்தான் குழுவினர் தட்டுவார்கள். நூறு கதவுகளைத் தட்டும் வேலை பத்தாகக் குறைகிறது.

பள்ளி மைதானத்தில் ஒரு பக்கம் நடுக்கத்தைக் காட்டும் வண்டி, ஒரு பக்கம் தீங்கற்ற புகை நிறைந்த கூடாரம். புகைக்குள் குனிந்து சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கப் பழகுகிறார்கள். மீட்புப் பயிற்சியில் ஒரு உத்தரத்தின் கீழ் பொம்மையை வைத்திருப்பார்கள். ஜாக்கியால் உத்தரத்தைச் சில அங்குலம் உயர்த்தி, உடனே இடுக்கில் மரக்கட்டை செருகி, மறுபடி உயர்த்தி, மறுபடி கட்டை செருக வேண்டும். கட்டை வைக்காமல் தூக்கினால், ஜாக்கி வழுக்கும்போது பாரம் மறுபடி சிக்கியவர் மேலேயே விழும். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த கால் விடுபட்டதும் சிதைந்த தசையின் நச்சு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கலாம் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் கோபேயில் பெருமளவில் கண்டார்கள். அதனால் எத்தனை மணி நேரம் சிக்கியிருந்தார் என்று குறித்துச் சொல்லவும் பயிற்சி தருகிறார்கள். கடைசியில் வெந்நீர் ஊற்றினால் கால் மணி நேரத்தில் உண்ணத் தயாராகும் உலர் சோறு எல்லோருக்கும்.

இளங்குடும்பங்கள் வராததே நெடுநாள் குறை. கோபேயின் பத்தாம் நினைவாண்டான 2005-இல் தொடங்கிய ‘இசா! காயெரு கேரவன்’ அதற்கு வழி கண்டது. குழந்தைகள் பழைய பொம்மைகளை மாற்றிக்கொள்ள வருகிறார்கள். தீயணைப்பானைப் பிடித்துக் குறிபார்த்தால் புள்ளிகள் கிடைக்கின்றன. ஷிசுவோகாவில் உருவான ‘ஹக்’ சீட்டாட்டத்தில், பேரிடரில் தஞ்சம் தேடி வரும் குடும்பங்களைப் பள்ளியின் எந்த அறையில் தங்கவைப்பது என்று பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

பிற நாடுகளில்

1985 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் நகர அதிகாரிகள் ஜப்பான் சென்று இக்குழுக்களைப் பார்த்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியில்லாத தன்னார்வலர்கள் 800-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றினார்கள். அம்முயற்சியில் நூறு பேரளவில் இறந்தும் போனார்கள். இவ்விரண்டையும் கண்டபின் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை குடிமக்களுக்குப் பயிற்சி தரத் தொடங்கியது. 1993-இல் அத்திட்டம் அமெரிக்கா முழுவதற்கும் விரிந்தது. மெக்சிகோவில் செப்டம்பர் 19 ஒத்திகை நாள். 2017-இல் காலை 11 மணிக்கு ஒத்திகை முடிந்து, பிற்பகல் 1:14-க்கு 7.1 அளவிலான நிலநடுக்கமே வந்துவிட்டது.

காமைஷி, 2011

ஜப்பானில் 2011 மார்ச் 11-இன் 9.0 அளவு நிலநடுக்கமும் சுனாமியும் ஒத்திகையின் இரு முகங்களையும் ஒரே ஊரில் காட்டின. காமைஷி நகரின் உனோசுமாய் பகுதியில், நடுநிலைப்பள்ளி மாணவர்களும் பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் முன்பே சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள். அன்று பெரிய பிள்ளைகள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். குறித்த இடத்தை அடைந்ததும், பின்னாலிருந்த மலைச்சரிவு சரிவதைக் கண்டு இன்னும் மேலே போனார்கள், அங்கிருந்தும் மேலே. இரு பள்ளிகளிலிருந்தும் தப்பி ஓடிய ஏறத்தாழ 600 பிள்ளைகள் பிழைத்தார்கள். குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் கட்டாடா தோஷிடாக்கா அந்நகரப் பள்ளிகளுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது, வரைபடத்தில் போட்டிருக்கும் எல்லையை நம்பி நிற்காதே என்பதுதான்.

அதே பகுதியில் 2010 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பேரிடர்த் தடுப்பு மையம் இருந்தது. சுனாமியின்போது ஒதுங்குவதற்காக அறிவிக்கப்பட்ட இடம் அதுவல்ல. அவ்விடங்கள் மேட்டில் இருந்தன. முதியவர்களால் மேடு ஏற முடிவதில்லை, ஆள் வருகை குறைகிறது என்பதால் ஒத்திகைகளை அந்த மையத்திலேயே நடத்தினார்கள். 2011 மார்ச் மாதத் தொடக்கத்திலும் நடத்தியிருந்தார்கள். சில நாட்களில் உண்மையான அலை வந்தபோது மக்கள் பழகிய இடத்துக்கே போனார்கள். அங்கே 160-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. வசதிக்காக மாற்றிய ஒரு ஒத்திகையே அவர்களுக்குத் தவறான வழியைப் பழக்கிவிட்டது.

இதற்குப் பின் வந்த சட்டத் திருத்தங்கள் நடக்க இயலாதோரை முன்னிறுத்தின. 2013 திருத்தம் உதவி தேவைப்படுவோரின் பட்டியலை நகராட்சிகளுக்குக் கட்டாயமாக்கியது. யார், யாரை, எந்த வழியாக அழைத்துச் செல்வது என்று ஒவ்வொருவருக்கும் தனித்திட்டம் வகுக்க முயல வேண்டும் என்றது 2021 திருத்தம். அழைத்துச் செல்லும் பொறுப்பு எழுதப்பட்டிருப்பவருக்கும் பல ஊர்களில் எழுபது வயதைத் தாண்டிவிட்டது என்பதே இன்றுள்ள பெரிய இடர்ப்பாடு. 2024 புத்தாண்டு நாளில் நோதோ தீபகற்பம் 7.6 அளவில் அதிர்ந்தபோது, சுசு நகரின் கரையோரக் குடியிருப்பான ஜிகே ஷிமோதே மக்கள், முதியவர்கள் உட்பட, மேட்டிலுள்ள ஊர்க் கூட்ட மண்டபத்துக்குச் சில நிமிடங்களில் ஏறிவிட்டார்கள். 2011-க்குப் பின் அவர்கள் ஒத்திகை பார்த்துவந்தது அந்த மேட்டு வழியில்தான்.