வாட்ஸ் கணக்கு

போன வருஷம் நான் ஒரு கார் வாங்கினேன். புதுக்கார் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு முன்னால் இரண்டு எஜமானர்களிடம் ஊழியம் செய்துவிட்டு வந்த சின்னக் கார். அதை முதல் முதலில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது என் தகப்பனார் சுற்றிவந்து பார்த்தார். டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். உள்ளே ஏறி உட்கார்ந்தார். "எல்லாஞ் செரி. பாட்டுப் பாடுமாடா இது?" என்று கேட்டார்.

அவர் முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லிலிருந்து புறப்பட்டால் நாகபுரி, டில்லி என்று போய்ப் பதினைந்து இருபது நாள் கழித்து வீடு திரும்புகிற உத்தியோகம். இஞ்சின் இரைச்சலும் ஜன்னல் காற்றும் சேர்ந்து அவருடைய வலது காதை ஏறக்குறைய வாங்கிக்கொண்டுவிட்டன. இடது காதும் இப்போது மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்கு அவர் பாட்டுக் கேட்கப் போகிறார் என்ற நினைப்பு எனக்கு வந்தது. மறுநாளே சேலத்துக்குப் போனேன்.

கடையின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்கள். அதன் தலையில் தங்க எழுத்தில் '1000 வாட்ஸ்' என்று அச்சிட்டிருந்தது. ஆயிரம்! என் வீட்டு மின்விசிறி எழுபத்தைந்து வாட்ஸ். பதின்மூன்று மின்விசிறிகளின் பலம் ஒரு அலுமினியப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது என்றால் சும்மாவா? பௌதிகத்தில் நான் எந்நாளும் கெட்டிக்காரனாக இருந்ததில்லை. இரண்டு சிறுகதைகளின் சன்மானத்தைக் கொடுத்து அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தேன்.

மெதுவாக வைத்தபோது பாடிற்று. தகப்பனாருக்குக் கேட்கட்டும் என்று சற்றுக் கூட்டினேன். நாதஸ்வரம் வரைக்கும் பாதகமில்லை. தவில் நுழைந்ததும் ஸ்பீக்கர் நான்கும் கிழிந்த முறத்தைத் தட்டுவதுபோல் பொரபொரத்தன. தகப்பனார் முகத்தைச் சுளித்தார்.

"சத்தம் கேக்குது. பாட்டத்தான் காணோம்" என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில், ராசிபுரத்துக்குக் கிழக்கே, மைக்செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவரிடம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். அவர் பாட்டைக்கூடப் போடச் சொல்லவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்.

"பியூஸ் எத்தனைன்னு பாத்தீங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா. 1000 வாட்ஸ்னு போட்டிருக்குதுங்களே."

"போடறதுக்கு மையிதானுங்களே செலவு? இதுல பதினஞ்சு ஆம்பியர் பியூஸ் கெடக்குது. வண்டியோட்டம் பதினாலு வோல்ட்டு. பெருக்கிப் பாருங்க."

பெருக்கினேன்: 210. பாட்டரியிலிருந்து அந்தப் பெட்டி இழுக்கக்கூடிய மின்சாரமே அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் பியூஸ் போய்விடும். அதிலும் இந்த மாதிரிப் பழைய ரகப் பெட்டிகள் பாதியைச் சூடாக்கித் தொலைத்துவிடும். மிச்சம் நூற்றுச் சொச்சம். நான்கு ஸ்பீக்கருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு இருபத்தைந்து வாட்ஸ். நான் ஆயிரத்துக்குப் பணம் கொடுத்து நூறை வாங்கி வந்திருக்கிறேன்!

அண்ணன் சிரிக்கவில்லை. "எங்கப்பாரு இருவது வாட்ஸ்ல ஏழு ஊருக்குப் பாட்டுப் போட்டாருங்க" என்று மட்டும் சொன்னார். இந்தக் கட்டுரைக்கு வித்து அந்த வாக்கியந்தான். இருபது வாட்ஸில் ஏழு ஊருக்குக் கேட்டது, நூறு வாட்ஸில் ஒரு காருக்குள் ஏன் கேட்கவில்லை?

வாட்ஸ் என்பதே இல்லாத காலம் ஒன்று இருந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தொண்டையாலேயே பாடினார்கள். எங்கள் பக்கத்து நோன்பிகளில் பறையும் தவிலுந்தான் ஒலிபெருக்கிகள். அப்புறம் 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் மூன்று உறுப்புள்ள வால்வு ஒன்றைச் செய்தார். மெலிந்த மின்னலையைப் பெரிதாக்குவதற்கு வழி பிறந்தது. 1915-ல் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் காந்தத்துக்கு நடுவே அசையும் கம்பிச் சுருளைத் தகட்டோடு சேர்த்து, அதன்மேல் கிராமபோன் குழாயைப் பொருத்தி, சான் பிரான்சிஸ்கோவில் ஜனங்களுக்குப் பாடிக் காட்டினார்கள். 1919-ல் ஜனாதிபதி வில்சன் சான்டியாகோ நகரில் ஐம்பதினாயிரம் பேருக்கு அந்தக் குழாய் வழியாகத்தான் பேசினார்.

இந்த அதிசயம் எங்கள் சமவெளிக்கு வந்தது பேசும் படத்தோடு. 1931-ல் 'காளிதாஸ்' வந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே டி.ஆர். சுந்தரம் சேலத்தில் ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சென்னைக்கு இருநூறு மைலுக்கு அப்பால் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் பிறந்தன. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்', 1956-ல் தமிழின் முதல் வர்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' ஆகிய இரண்டும் அங்கே எடுத்தவைதான். 1982-ல் கதவு சாத்தினார்கள். முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குப் படங்களின் ஞாபகத்தைவிட வசனங்களின் ஞாபகந்தான் வரும். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யின் நீண்ட வசனங்கள் கொட்டகையின் மூலைமுடுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் பெஞ்சு பறக்கும். அதைச் சாதித்தவை சில பத்து வாட்ஸ் தரும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களும், திரைக்குப் பின்னே நின்ற பெரிய குழாய்களும்.

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது; அங்கே மின்சாரம் 1937-ல் பிறந்தது. ஆனால் மேட்டூருக்கு அருகிலேயே இருந்தும் எத்தனையோ கிராமங்களுக்கு அது வந்து சேரப் பல வருஷங்கள் ஆயின. கம்பி வருவதற்கு முன்பே மைக்செட் வந்துவிட்டது. அண்ணனின் தகப்பனார் 1950-களின் கடைசியில் தொழில் தொடங்கியபோது, மோட்டார் பாட்டரி ஒன்றைச் சைக்கிள் காரியரில் கட்டி ராசிபுரத்துக்குத் தள்ளிப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவாராம். ஒரு ராத்திரி தாங்கும். வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். பாட்டரியோ பன்னிரண்டு வோல்ட். நடுவே வைப்ரேட்டர் என்றொரு சாதனம் வண்டுபோல் ரீங்காரம் செய்துகொண்டு பாட்டரியின் நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும். மின்மாற்றி அதை ஏற்றிவிடும். 1930-ல் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்று பெயரிட்டுக் காரில் வைக்கும் ரேடியோவை விற்க ஆரம்பித்தார்களே, அந்தக் கார் ரேடியோக்களுக்கும் விரைவில் இதே வைப்ரேட்டர்தான் உயிர் கொடுத்தது. அப்போது ரேடியோவின் விலை காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் அதிகமாகச் செலவழித்துவிடவில்லை.

பாட்டரியில் ஓட்டுகிறவனுக்கு ஒவ்வொரு வாட்டும் காசு. ஆகையால் அவன் வாட்டைத் தேடிப் போகவில்லை. குழாயைத் தேடிப் போனான். சாதாரணக் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் நூறு பங்கு மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு சத்தம் தருகிறது, மிச்சம் சூடு. குழாயோ பத்துப் பங்கு, அதற்கு மேலும் தரும். அத்துடன் சத்தத்தை நாலாபக்கமும் சிதறவிடாமல் ஒரு திசையில் தள்ளும். தென்னை மரத்து உச்சியில் இரண்டு குழாயை எதிரும் புதிருமாகக் கட்டிவிட்டால், விடியற்காலைக் குளிர்காற்றில் போதமலை அடிவாரம் வரைக்கும் பாட்டுப் போய்ச் சேரும். யார் வீட்டில் கல்யாணம் என்று ஏழு ஊரும் தெரிந்துகொள்ளும். சினிமா வசனத்தை இசைத்தட்டில் போட்டுப் போட்டு, படம் பார்க்காதவர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

குழாய்க்கும் குறை உண்டு. தவிலின் கனத்த ஓசையை அது விழுங்கிவிடும். எல்லாரையும் மூக்கால் பாட வைக்கும். பிறகு சட்டமும் குறுக்கே வந்தது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றன. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை வலியுறுத்திற்று. தூக்கமில்லாத நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எவனும் இதைக் குறை சொல்ல மாட்டான். கூம்புக் குழாய் கட்டக் கூடாது என்று காவல் துறையின் நிபந்தனையும் சேர்ந்தது. குழாய் இறங்கிப் பெட்டி ஸ்பீக்கர் ஏறிற்று. அதற்கோ ஒரு மைதானத்தை நிரப்ப ஆயிரக்கணக்கில் வாட்ஸ் வேண்டும். ஆயிரம், இரண்டாயிரம் என்ற எண்கள் எங்கள் ஜனங்களின் நாக்கில் பழகியது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கத்தைத்தான் கார்க்கடைக்காரர் என்னிடம் விற்றார்.

லாரிக்காரர்களின் கதை வேறு. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி வெளியிட்ட காஸெட், நாமக்கல் பட்டறைகளில் பாடி கட்டிய லாரிகளுக்குள் வந்து சேர்ந்தபோது, அது ஆடம்பரமாக வரவில்லை. ஏழாம் எண் நெடுஞ்சாலையில் (இப்போது அது நாற்பத்து நாலு) நள்ளிரவுக்குமேல் கண்ணைத் திறந்து வைத்திருக்க ஒரு துணை வேண்டியிருந்தது. ஆனால் லாரிக்கு 24 வோல்ட். இரண்டு பாட்டரியைத் தொடராகக் கோத்திருப்பார்கள். பாட்டுப் பெட்டிக்கு 12. தகப்பனார் என்ன செய்தார் தெரியுமா? எல்லாரும் செய்ததைத்தான்: ஒரே பாட்டரியிலிருந்து கம்பி இழுத்துவிட்டார். ஒன்று தினமும் காலியாகிறது. மற்றது நிரம்பி வழிகிறது. வருஷம் திரும்புவதற்குள் இரண்டும் போயின. "பாட்டுக் கேட்டு ரெண்டு பேட்டரிய முழுங்குனேன்" என்று இன்றைக்கும் சொல்லுவார். 24-ஐ 12 ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தால் போதும். அந்தக் காசை அன்றைக்கு முதலாளியிடம் கேட்க வாய் வரவில்லையாம்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். காரில் ஓடுகிற மின்சாரம் பதினாலரை வோல்ட்டுக்குள். அதை வேறெதுவும் செய்யாமல் நேரே நாலு ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தால், கணக்குப்படி 26 வாட்ஸுக்குமேல் சுத்தமான சத்தம் வர வழியில்லை. நடைமுறையில் இருபதுக்கும் கீழே. டாஷ்போர்டில் மாட்டும் பெட்டியில் '4 × 50' என்று அச்சிடுவது, அலையின் உச்சியை நறுக்கிச் சதுரமாக்கிக் கணக்கிட்ட எண். பி.எம்.பி.ஓ. என்று இன்னொன்று உண்டு. அதற்குக் கணக்கே கிடையாது. அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி செய்தது. காருக்கு அது பொருந்தவில்லை. 2003-ல் அங்கே தொழில் சங்கத்தார் காருக்கும் ஒரு அளவுகோல் வகுத்தார்கள், கட்டாயமில்லை. நம் கடைகளில் தங்க மைக்கு எந்த விதியும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியானால் எத்தனை வாட்ஸ் வேண்டும்? அண்ணன் சொன்ன பதில் எனக்கு வியப்பாக இருந்தது. கதவைச் சாத்திய காருக்குள் சாதாரணமாகக் கேட்க ஒரு வாட் போதுமாம்! சத்தம் இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சக்தி பத்து மடங்கு வேண்டும். வெறுமே இரட்டித்தால் 'சற்றுக் கூடிற்று' என்ற அளவுதான். ஐம்பதிலிருந்து நூறுக்குப் போகிறவன் காசைக் கொடுத்து அந்த 'சற்று' என்ற சொல்லை வாங்குகிறான். ஆனால் தவில் அடி விழும் கணத்தில் அந்த ஒரு வாட் பத்தாகும், முப்பதாகும். அந்தக் கணத்துக்குக் கையிருப்பு வேண்டும். இல்லாவிட்டால் அலையின் தலை வெட்டுப்படும்; அதுதான் நான் கேட்ட கிழிந்த முறம். தகப்பனாரைப் போன்ற காதுக்கு இது இரட்டைத் தண்டனை. மெல்லிய 'ச', 'த' ஓசைகள் அவருக்கு ஏற்கெனவே எட்டுவதில்லை; பொரபொரப்பு வந்தால் மிச்சமும் மூழ்கிவிடும்.

"ஸ்பீக்கருக்குக் காசப் போடுங்க. பெட்டிக்கு மிச்சத்தப் போடுங்க" என்றார் அண்ணன். ஸ்பீக்கர் அட்டையில் ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போட்டிருக்கும். 87 என்று போட்டதற்குப் பதில் 90 என்று போட்டதை எடுத்தால், ஆம்ப்ளிஃபயரை இரட்டித்ததற்குச் சமம், அதுவும் காசு செலவில்லாமல். குழாய்க்காரரின் பழைய புத்திதான் இது. கையிலிருந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு முன்கதவு ஸ்பீக்கர்களை வாங்கினோம். கதவின் தகடு அதிராமல் உள்ளே தார் அட்டை ஒட்டினார். மிச்சப் பணத்துக்கு, தங்க எழுத்து எதுவும் இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபயர்: நான்கு ஸ்பீக்கருக்கும் தலைக்கு 50 வாட்ஸ். இப்போதைய புது ரகம். இழுப்பதில் ஐந்தில் நாலு பங்குக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுகிறது. நான் முதலில் பியூஸைப் பார்த்தேன். 25 ஆம்பியர். கணக்கு ஒத்து வந்தது. பாட்டரியிலிருந்து கட்டைவிரல் பாதிக்குத் தடித்த கம்பி இழுத்தார். மெல்லிய கம்பியில் வோல்ட் வழியிலேயே செத்துப்போகுமாம்.

ஆண்டகளூர் கேட்டிலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். தகப்பனார் இடது காதை ஸ்பீக்கர் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவில் வந்தது, முகம் சுளிக்கவில்லை. அவருக்குக் கேட்கிறதோ இல்லையோ என்று நான் மேலும் கூட்டப் போனேன்.

"கொறடா. பாடறவன் மூச்சு உடறது கூடக் கேக்குது" என்றார்.

குறைத்தேன். திரும்பி வந்து அண்ணனிடம் கூலி என்ன என்று கேட்டதற்கு, பணம் வேண்டாம், அந்த ஆயிரம் வாட்ஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். அதன் அலுமினியக் கூடு நல்ல கனமாம்.